இ-பாஸ் இருந்தும் முக்கூர்த்திக்குள் ஏன் விடுவதில்லை?

சீசன் தொடங்கிவிட்டால் நீலகிரியின் வனச் சோதனைச்சாவடிகளில் ஒரே வாக்குவாதம் திரும்பத் திரும்ப நடக்கிறது. "இ-பாஸ் எடுத்துக்கொண்டுதானே வந்திருக்கிறோம், முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குப் போகக் கூடாது என்றால் எப்படி?" என்று வெளியூர்ப் பயணிகள் கேட்கிறார்கள். "அது வேறு சார், இது வேறு" என்று காவலர் சொல்கிறார். இரண்டு பேரும் சொல்வது சரிதான். எது வேறு, ஏன் வேறு என்பதை யாரும் உட்கார்ந்து விளக்காததால்தான் சண்டை.

ஜனவரி வந்தால் வேறொரு குழப்பம் கிளம்புகிறது. ஊட்டிக்கு அருகிலுள்ள தலைக்குந்தாவில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும் படங்கள் கைபேசிகளில் சுற்றத் தொடங்கும். "மினி காஷ்மீர்" என்று தலைப்பும் வைத்துவிடுவார்கள். அங்கே பனிச்சறுக்கு உண்டா என்று உண்மையாகவே விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். பிப்ரவரியில் மலையேற்றப் பாதைகள் மூடப்படும்போது, நல்ல வெயில் காலத்தில் எதற்காக மூட வேண்டும் என்ற கேள்வியும் எழுகிறது.

தனித்தனியாகத் தெரியும் இந்தக் கேள்விகள் எல்லாம் ஓரிடத்தில்தான் வந்து சேர்கின்றன: முக்கூர்த்தியின் புல்வெளியில். அனுமதிச் சீட்டுகளில் தொடங்கி அங்கே போவோம்.

மூன்று அனுமதிகள், மூன்று நோக்கங்கள்

1. இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இது கட்டாயமானது. மலைச் சாலைகள் ஒரு நாளைக்கு எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஏற்பாடு இது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கும் உள்ளூர்ப் பதிவு வாகனங்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆக, இது சாலைக்கான கணக்கு. காட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி அன்று.

2. மலையேற்ற அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து "டிரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தைத் தொடங்கின. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதம், கடினம் என்று மூன்று வகை, இணையவழி முன்பதிவு, மலைவாழ் மக்களிலிருந்தும் காட்டையொட்டிய ஊர்களிலிருந்தும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். பெயரைப் பதிவு செய்த நாளில், குறித்த பாதையில், வழிகாட்டியோடு நடப்பதற்கு மட்டுமே இந்த அனுமதி செல்லும்.

3. வனவிலங்குச் சட்டத்தின் கீழ் அனுமதி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்துவது. மேலே சொன்ன இரண்டும் கையில் இருந்தாலும், பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் எங்கே கால் வைக்கலாம் என்பதை முடிவு செய்வது இந்தச் சட்டம்தான்.

கல்யாண மண்டபத்தின் வாசலில் சந்தனம் கொடுத்து உள்ளே வரவேற்றார்கள் என்பதற்காக மணமேடையில் ஏறிவிட முடியாதல்லவா? கல்லாறு, கக்கநல்லா சோதனைச்சாவடிகளில் இ-பாஸ் பார்த்து விட்டது வாசல் வரைக்குமான வரவேற்பு.

காப்புக்காடும் தேசியப் பூங்காவும் ஒன்றா?

செய்திகளில் காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. சட்டத்தில் அவை ஒன்றல்ல.

காப்புக்காடு என்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட அரசுக் காடு. அதற்குள் அத்துமீறி நுழைவதே குற்றம். சரணாலயத்தில் விலங்குகளுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அங்கே வாழும் மக்களின் சில உரிமைகள் தொடரலாம், மேய்ச்சலை ஒழுங்குபடுத்தி அனுமதிக்கவும் இடமுண்டு. தேசியப் பூங்கா இன்னும் இறுக்கமானது: கால்நடை மேய்ச்சலுக்கு அறவே இடமில்லை. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அமைந்த புலிகள் காப்பகங்களில் மையப் பகுதி, வெளிவட்டப் பகுதி என்ற பிரிவு வருகிறது. 2007இல் புலிகள் காப்பகமான முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வாகனத்தில் காட்டைச் சுற்றிப் பார்க்கலாம். வழியில் இறங்கி நடக்க முடியாது. யானையும் புலியும் புதரோரத்தில் நிற்கும் தாழ்வான காட்டுக்கு அதுதான் பொருந்தும்.

தேசியப் பூங்காவுக்குள் நுழைய அனுமதி தரக்கூடிய காரணங்களைச் சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது: வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்குள்ளவர்களோடு சட்டப்படியான அலுவல். சுற்றுலாவும் பட்டியலில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் யாருக்கு, எத்தனை பேருக்கு, எந்தக் காலத்தில் என்பதைத் தீர்மானிப்பது தலைமை வன உயிரினக் காப்பாளர். பணம் கட்டியவர்களையெல்லாம் உள்ளே விட்டாக வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

பழனி மலைத்தொடரில் தேசியப் பூங்கா கிடையாது. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்தான் அங்கே இருக்கிறது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறையிடம் தனி அனுமதி வாங்குவதும் இ-பாஸுக்கு அப்பாற்பட்ட விஷயமே.

வெறும் புல் என்று நினைத்த இடம்

நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பில், 78.46 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது முக்கூர்த்தி தேசியப் பூங்கா. 1982இல் சரணாலயம், 1990இல் தேசியப் பூங்கா, 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் ஒன்று. முக்கூர்த்திச் சிகரம் 2,554 மீட்டர், கோலாரிபெட்டா 2,630 மீட்டர். மேற்கே மலை செங்குத்தாகக் கேரளப் பக்கம் இறங்குகிறது. எல்லைக்கு அப்பால் அமைதிப் பள்ளத்தாக்கு. நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களுக்கு முக்கூர்த்திச் சிகரம் வெறும் காட்சிமுனை அன்று. இறந்தவரின் ஆன்மாவும் எருமைகளின் ஆன்மாவும் இங்கிருந்துதான் மறுவுலகுக்குப் போகின்றன என்ற அவர்களுடைய நம்பிக்கை பழைய மாவட்டக் குறிப்புகளிலும் பதிவாகியிருக்கிறது.

முதன்முறை பார்ப்பவருக்கு இது காடு போலவே தெரியாது. மலைமுகடு முழுவதும் புல். இரண்டு மேடுகள் சந்திக்கும் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சைத் திட்டுகளாகச் சோலைகள். புல்வெளியிலிருந்து சோலைக்குள் இரண்டடி வைத்தால் வெளிச்சம் சட்டென்று குறைகிறது. மரங்கள் அதிக உயரமில்லை. முறுக்கிக்கொண்ட கிளைகளில் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் அப்பியிருக்கின்றன. மக்கிய இலைகளில் கால் புதைகிறது. வெளியே மழை விட்டு நெடுநேரம் ஆகியும் உள்ளே இலைநுனிகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படி மெல்லக் கசியும் நீர்தான் மடிப்பின் அடியில் ஓடையாகிறது. பைக்காரா, பவானி ஆறுகளின் தொடக்கம் இந்த ஓடைகளில். மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு, முக்கூர்த்தி, பைக்காரா அணைகள் எல்லாம் இந்த மேற்குப் பகுதியைச் சுற்றியே இருக்கின்றன. ஈரோட்டு வயல்களுக்கு வாய்க்காலில் வரும் நீரின் ஒரு பங்கு புறப்படுவது இங்கேதான் என்பதை அந்த வயல்காரர்களும் அறிய வேண்டும்.

பிரிட்டிஷ் நிர்வாகம் இந்தப் புல்வெளியைப் பயனற்ற தரிசாகத்தான் பார்த்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ரேயான் கூழுக்கும் என்று கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்), பைன் ஆகியவை புல்வெளிகளில் வரிசை வரிசையாக நடப்பட்டன. இன்று ஊட்டியைச் சுற்றி நாம் "அழகான காடு" என்று படம் எடுத்துக்கொள்ளும் இடங்களில் பல, புல்வெளி அழிந்து உருவானவை. அதிலும் சீகை நட்ட இடத்தோடு நிற்பதில்லை. அதன் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தீ பட்டால் கூட்டமாக முளைக்கின்றன. பூங்காவின் எல்லைக்குள்ளும் அது ஏறியிருக்கிறது. அகற்றும் வேலை நீண்ட காலமாக நடக்கிறது.

"இந்தப் புல்வெளியே காட்டை அழித்ததால் வந்ததுதானே, மரம் நட்டால் என்ன தவறு?" என்ற வாதத்துக்கு அறிவியலில் தெளிவான பதில் இருக்கிறது. நீலகிரியின் சதுப்புகளில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மக்கி அடுக்கடுக்காகப் படிந்த கரிய மண் இருக்கிறது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் முறை வேறு; அந்த வேறுபாட்டின் தடம் மக்கிய மண்ணிலும் அழியாமல் தங்கிவிடுகிறது. அந்த மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததையும், காலநிலை மாறமாறப் புல்லும் சோலையும் முன்னும் பின்னுமாக இடம்மாறியதையும் கண்டார்கள். கோடரியோடு மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் இங்கே குடியிருந்தது.

உறைபனி உண்டு, பனிச்சறுக்கு ஏன் இல்லை?

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். உயரம் ஏறக்குறைய ஒன்றே. குல்மார்க்கில் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிறது, உலகெங்கிலுமிருந்து சறுக்க வருகிறார்கள். தொட்டபெட்டாவில் ஏன் ஒரு துளிகூட விழுவதில்லை? இரண்டு காரணங்கள்.

1. நிலநேர்க்கோடு. குல்மார்க் 34 பாகையில் இருக்கிறது. ஊட்டி 11 பாகையில். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், மழைமேகம் உருவாகும் உயரத்திலும் அதற்குக் கீழும் காற்று பனித்துகள் கரையாமல் தரையை எட்டும் அளவுக்குக் குளிர்வதில்லை.

2. குளிரும் மழையும் சந்திப்பதில்லை. குல்மார்க்குக்குக் குளிர்காலத்தில்தான் மேற்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. நீலகிரிக்கு மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்கிலிருந்தும் வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தனை ஈரம் இருக்கும்போது குளிர் போதாது. டிசம்பர், ஜனவரியில் குளிர் வரும்போது வானம் வறண்டு கிடக்கிறது.

அப்படியானால் தலைக்குந்தாவில் வெள்ளையாகக் கிடப்பது என்ன? அது வானத்திலிருந்து விழுந்தது அன்று. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தைத் தடையின்றி வானுக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆளுயரத்தில் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே புல்நுனியில் அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அங்கேயே படிந்து உறைகிறது. விடியலில் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் உப்புப் பரல் போல் நுண்ணிய படிகங்கள் வரிசையாக நிற்கும். வெயில் ஏறினால் அரை மணி நேரத்தில் எல்லாம் தண்ணீர். மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் இந்தப் படிவின்மேல் சறுக்க முடியாது. அதைப் படம் எடுக்கப் புல்வெளிக்குள் வண்டியை இறக்குபவர்கள் விட்டுச்செல்வது டயர் தடத்தைத்தான். ஈரப்புல்லில் விழுந்த தடம் ஆறப் பல மாதங்கள் ஆகும்.

சறுக்க உதவாத இந்த உறைபனி, இந்த நிலத்துக்கு வேறொரு பெரிய வேலையைச் செய்கிறது. சோலை மரங்களின் இளங்கன்றுகள் உறைபனியைத் தாங்குவதில்லை. புல்வெளிக்குள் விழுந்து முளைக்கும் கன்று முதல் குளிர்காலத்திலேயே கருகுகிறது. புல்லுக்கோ உயிர் வேரடியில் இருப்பதால் மேல்நுனி கருகினாலும் மறுபடி துளிர்க்கிறது. மண்ணின் ஆழம், காற்று, தீ ஆகியவற்றோடு சேர்ந்து, சோலையை மடிப்புக்குள்ளேயே நிறுத்தி வைப்பதில் உறைபனிக்கும் பெரிய பங்குண்டு.

கருகிய புல், காய்ந்த மாதங்கள்

பிப்ரவரி மூடலுக்கான காரணம் இங்கே தொடங்குகிறது. ஜனவரி உறைபனியில் கருகிய புல் பழுப்பேறி நிற்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் மழை இல்லை; காற்று உண்டு. மேட்டை நோக்கித் தீ ஏறும்போது, அதன் வெப்பமே மேலே உள்ள புல்லை முன்கூட்டி உலர்த்திவிடுகிறது. அதனால் சரிவில் தீ, சமதளத்தைக் காட்டிலும் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. மனிதன் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நடக்கும் வேகத்துக்கும் அதற்கும் ஒப்பீடே இல்லை. குரங்கணியில் சிக்கியவர்கள் காய்ந்த புல் மூடிய சரிவில்தான் இருந்தார்கள்.

வனத்துறை இந்த மாதங்களில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுகிறது. தீக் காவலர்களை நியமிக்கிறது. டிரெக் தமிழ்நாடு பாதைகள் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மூடப்படுவது இதற்காக. மலையில் புகையைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ, பாறைக்கோ, ஓடைக்கோ, ஈரமான சோலைக்கோ போக வேண்டும். நகரத்திலிருந்து வருபவர்களுக்கு இது தானாகத் தோன்றாது. வழிகாட்டி கட்டாயம் என்ற விதியைப் பலர் கூடுதல் செலவாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை: பாதை தெரிந்த, காற்றின் திசை தெரிந்த ஒருவர் உடன் இருந்திருந்தால் என்ற எண்ணம் குரங்கணிக்குப் பிறகு எந்த மலையேற்றத்திலும் விலகுவதில்லை.

வரையாட்டின் பிள்ளைப்பேறு காலம்

அதே மாதங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் பெரும்பாலும் குட்டி ஈனுகிறது. முக்கூர்த்தி தேசியப் பூங்காவாக இருப்பதே அடிப்படையில் இந்த விலங்குக்காகத்தான். மேய்வதற்குத் திறந்த புல்வெளியும், தப்புவதற்கு அருகிலேயே செங்குத்துப் பாறையும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில் மட்டுமே அது வாழும். சீகை ஏறிய சரிவில் அதற்குப் புல்லும் இல்லை, வரும் பகையைத் தூரத்தில் பார்க்கும் வெளியும் இல்லை. கூட்டம் மேயும்போது ஒன்றிரண்டு பெட்டைகள் மேடான பாறையில் நின்று காவல் பார்க்கும். ஆள் அரவம் கேட்டால் ஒரு கூர்மையான சீழ்க்கை. அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் பாறை விளிம்பை நோக்கி. பிறந்து சில நாட்களே ஆன குட்டி அந்த ஓட்டத்தில் தவறி விழலாம், தாயைப் பிரியலாம். கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இதே காரணத்துக்காகப் பார்வையாளர்களுக்கு மூடுகிறார்கள்.

தமிழ்நாடு அரசு 2023 அக்டோபரில் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் இருப்பதாகவும், 2025இல் 1,303 என்றும் அறிவித்தார்கள். ஏற்றம் மகிழ்ச்சி தருகிறது. இருந்தாலும், மாநிலம் முழுவதும் சேர்த்தே ஆயிரத்துச் சொச்சம்தான் என்பதை மறக்கக் கூடாது.

போக விரும்புபவர் செய்ய வேண்டியது

1. முதலில் மாதத்தைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு நீலகிரியில் மழையும் மூடுபனியும் அட்டையும். பத்தடி தள்ளி இருப்பவர் தெரியாத நாட்கள் உண்டு. நனைந்த உடையோடு முகட்டுக் காற்றில் நின்றால் கோடையிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பரும் ஜனவரியும் பார்வைக்கும் நடைக்கும் உகந்தவை.

2. டிரெக் தமிழ்நாடு பட்டியலில் இந்தப் பகுதிக்கு நெருக்கமானவை பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்திக் குடில் வரை செல்லும் பாதையும், அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, தேவர்பெட்டா பாதைகளும். கிளம்பும் முன் அந்தப் பாதை அன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மழை எச்சரிக்கை வந்தால் முன்பதிவு இருந்தாலும் நிறுத்துவார்கள்.

3. வாகனத்துக்கு இ-பாஸ் தனியாக வேண்டும். ஒன்று இன்னொன்றை ஈடு செய்யாது.

4. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை நீலகிரிக்குள் கொண்டுவர முடியாது. சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் போதும். பூங்காவுக்குள் குப்பை போடுவதும், விலங்குகளைச் சீண்டுவதும், தீ மூட்டுவதும் வனவிலங்குச் சட்டத்தின் கீழ்க் குற்றங்கள்.

5. தனியாரோ தெரிந்தவரோ "பின்வழியாகக் கூட்டிப் போகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் அபராதம் என்பது ஒருபுறம். வழி தவறினால், எங்கே தேட வேண்டும் என்பதுகூட யாருக்கும் தெரியாது என்பதே பெரிய ஆபத்து.

பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வருபவர்கள் முக்கூர்த்தி கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. ஊட்டி நகருக்கு அருகிலேயே கேர்ன்ஹில் காடு இருக்கிறது. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்புள்ள இயற்கைச் சோலை. 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியுள்ள ஊர்களுக்கு நீர் தருவது. இரண்டுமே டிரெக் தமிழ்நாட்டின் எளிய பாதைகளில் வருகின்றன. காலையில் சீக்கிரம் போய்ச் சத்தமில்லாமல் நடந்தால் நீலகிரிச் சிரிப்பானையும், சோலையின் அடிப்புதர்களில் திரியும் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானையும் பார்க்கலாம். இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.